கயிறுகளுக்கு நடுவே – 9: காசு தொடாத இடது கை

சென்ற வாரம் பென்னி லிஞ்சைக் கல்லறை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். கிளாஸ்கோவின் கார்பல்ஸ் சந்துகளில் வளர்ந்து, 1935 செப்டம்பர் 9 அன்று மான்செஸ்டரில் ஜாக்கி பிரவுனை இரண்டே ரவுண்டில் முடித்து உலக சாம்பியனாகி, பிறகு எடை பார்க்கும் தராசில் அந்தப் பட்டத்தை இழந்து, குடியில் கரைந்து, 33 வயதில் போய்ச் சேர்ந்த மனிதர்.

லிஞ்ச் ஜெயித்த அந்த இரவுக்கு ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 15 அன்று, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள டண்டீ நகரில் ஒரு பையன் பிறந்தான். ரிச்சர்ட் மெக்டாகர்ட். ஊருக்கு டிக். இந்த வாரம் அவர் கதைதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் வீழ்ச்சி இல்லை. மேலாளர் ஏமாற்றவில்லை, மனைவி நகையை விற்கவில்லை, மதுக்கடை வாசலில் யாரும் விழுந்து கிடக்கவில்லை. குத்துச்சண்டையைப் பற்றி எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட ஆள் பெரிய தொந்தரவு. சரிந்தவனைப் பற்றி எழுதுவது சுலபம். 634 முறை மேடையேறி 610 முறை ஜெயித்து, ஒரு பைசா சம்பளம் வாங்காமல் இறங்கி, 89 வயது வரை வாழ்ந்தவரை என்ன செய்வது?

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். டண்டீ என்றால் சணல். அதுவும் அந்த மண்ணில் விளைந்த சணல் அல்ல. வங்காளத்து வயல்களில் விளைந்து, கல்கத்தாவில் கப்பலேறி, டே ஆற்றின் முகத்துவாரத்தில் போய் இறங்கிய சணல். நார் மொரமொரவென்று இருந்தால் இயந்திரத்தில் அறுந்து போகும். அதை மெதுவாக்க எண்ணெய் வேண்டும். டண்டீயில் திமிங்கில வேட்டைக் கப்பல்களும் இருந்தன, திமிங்கில எண்ணெயும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததும் உலகத்துக்கே கோணிப்பை தைக்கும் ஊராகிவிட்டது. பின்னாளில் ஹூக்ளி நதிக்கரையில் ஆலைகள் முளைத்தபோது, மேற்பார்வை பார்க்கக் கப்பலேறி வந்தவர்களில் பலர் டண்டீக்காரர்கள். அந்த ஆலைகளே டண்டீயின் பிழைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றன என்பது வேறு கதை.

டண்டீ ஆலைகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் கூலி குறைவு, ஆகவே அவர்களுக்குத்தான் வேலை. பையன் வளர்ந்து ஆண்பிள்ளைக் கூலி கேட்கும் வயது வந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இருக்கும் ஆண்களுக்கு அந்த ஊரில் ஒரு கேலிப் பெயர் உண்டு: கெட்டில் கொதிக்க வைக்கிறவர்கள். மனைவி ஆலையிலிருந்து வரும் நேரத்துக்கு டீத்தண்ணி போட்டு வைக்கும் கணவன்மார். இப்படி ஒரு ஊரில் பையன்கள் கையை முறுக்கிக்கொண்டு குத்துச்சண்டை கிளப்புக்குப் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

டிக் பிறந்தது 18 பிள்ளைகள் உள்ள வீட்டில். எழுத்துப் பிழை இல்லை, பதினெட்டு. அண்ணன் தம்பிகளும் குத்துச்சண்டைக்குப் போனார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது அடிப்பதையா, அடிபடாமல் நழுவுவதையா? டிக்கின் ஆட்டத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

அவர் இடது கைக்காரர். குத்துச்சண்டையில் இவர்களைச் சவுத்பா என்பார்கள். வழக்கமான வீரன் இடது காலையும் இடது கையையும் முன்னால் நீட்டி நிற்பான். பலமான வலது கை பின்னால் காத்திருக்கும். சவுத்பாவுக்கு எல்லாம் தலைகீழ். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தோடு சண்டை போடுவது போல. எதிராளியின் முன்னங்காலும் இவர் முன்னங்காலும் முட்டிக்கொள்ளும். எதிர்பார்க்கிற பக்கத்திலிருந்து குத்து வராது. அந்தக் காலத்தில் பல பயிற்சியாளர்கள் இடது கைப் பையன்களை வலுக்கட்டாயமாகத் திருப்பி நிற்க வைத்தார்கள், பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதும் பிள்ளையின் விரலில் அடித்த வாத்தியார்களைப் போல. டிக்கை யாரும் மாற்றவில்லை. நல்லவேளை.

இளைஞனானதும் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் முப்படைகளிலும் குத்துச்சண்டைக்குத் தனி மரியாதை. மேடையேறுகிறவனுக்குப் பயிற்சிக்கு நேரம், நல்ல சாப்பாடு, ஊர் ஊராகப் போட்டி எல்லாம் கிடைக்கும். மாதச் சம்பளம் படையிலிருந்து வரும். குத்துக்குச் சம்பளம் கிடையாது. இந்த ஏற்பாடுதான் இந்தக் கதையின் அச்சாணி.

இங்கே 'அமெச்சூர்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தமிழில் நாம் அந்தச் சொல்லைத் திட்டுவதற்குத்தான் வைத்திருக்கிறோம். 'அமெச்சூர்த்தனமா இருக்கு' என்றால் வேலை தெரியாமல் செய்திருக்கிறான் என்று பொருள். 1950-களின் குத்துச்சண்டையில் அதற்குப் பொருள் வேறு. மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிடம். மேலே பனியன் போட்டிருக்க வேண்டும். தலைக்கவசம் அப்போது கிடையாது. ஒலிம்பிக்கில் அது 1984-ல்தான் வந்தது. ஜெயித்தால் கோப்பையோ, அலமாரியில் வைக்கிற மாதிரி ஏதாவது ஒரு சாமானோ கிடைக்கும். பணம் வாங்கினால் தீட்டு, அதோடு பதிவு ரத்து.

முக்கியமான விஷயம் இது. எதிராளியைக் கீழே தள்ளினால் அமெச்சூர் கணக்கில் தனிப் புள்ளி கிடையாது. சுத்தமாக விழுந்த ஒரு குத்துக்கு என்ன மதிப்போ அதே மதிப்புதான். தொழில்முறையில் பன்னிரண்டு, பதினைந்து ரவுண்டு ஓடும் என்பதால் உடம்பில் குத்திக் குத்தி ஆளைச் சோர வைத்துக் கடைசியில் சாய்க்கலாம். இங்கே ஒன்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். படாமல் குத்த வேண்டும், குத்திவிட்டு அந்த இடத்தில் இருக்கக் கூடாது. வாள்வீச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற கலை. டிக் மெக்டாகர்ட்டின் இடது கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

1956-ல் பிரிட்டனின் அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கமான ஏ.பி.ஏ. நடத்திய தேசியப் போட்டியில் லைட்வெயிட் பட்டத்தை வென்றார். அந்த ஆண்டு இறுதியில் மெல்பர்ன் ஒலிம்பிக்.

அந்த ஒலிம்பிக்கே ஒரு விசித்திரம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே முதல் முறையாக நடந்ததால் நவம்பர் கடைசியில் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் கால்நடைத் தனிமைச் சட்டத்தால் குதிரைப் போட்டிகளை மட்டும் ஜூன் மாதமே ஸ்டாக்ஹோமில் முடித்துவிட்டார்கள். சூயஸ் கால்வாய்ச் சண்டையால் எகிப்து, ஈராக், லெபனான் வரவில்லை. ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் நுழைந்ததைக் கண்டித்து நெதர்லாந்து, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து ஒதுங்கின. ஹங்கேரி வீரர்களோ ஊர்க் கவலையைச் சுமந்துகொண்டே களத்தில் இறங்கினார்கள்.

இந்தக் களேபரத்துக்கு நடுவே, 21 வயது விமானப்படைக்காரர் ஒருவர் 60 கிலோ பிரிவில் தராசில் ஏறி நின்றார். முதல் எதிராளி இலங்கையிலிருந்து, அன்றைய பெயரில் சிலோனிலிருந்து வந்திருந்த சந்திரசேன ஜயசூரிய. அவரைத் தாண்டினார். அடுத்து பிரான்ஸின் ஆந்த்ரே வைரொலாட்டோ. அரையிறுதியில் சோவியத் யூனியனின் அனத்தோலி லகெட்கோ. பணத்துக்கு ஆடாத அமெச்சூர்தான் அவரும், காகிதத்தில். சோவியத் வீரர்களுக்குக் குத்துச்சண்டைதான் முழுநேர வேலை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆனால் டிக்குக்கு விமானப்படை கொடுத்த சலுகையை நினைத்தால், பிரிட்டிஷ்காரர்கள் இதைப் பற்றி ரொம்பவும் சத்தம் போட்டிருக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

டிசம்பர் 1, இறுதிப் போட்டி. எதிரே ஜெர்மனியின் ஹாரி குர்ஷாட். கிழக்கும் மேற்கும் ஒரே அணியாக வந்திருந்த ஜெர்மனி. முதல் ரவுண்டிலேயே டிக்கின் இடது கை குர்ஷாட்டை இரண்டு முறை தரையைத் தொட வைத்தது. தொழில்முறை மேடையாக இருந்தால் அங்கேயே கிட்டத்தட்டக் கதை முடிந்திருக்கும். இங்கே, முன்பு சொன்ன கணக்குப்படி, விழுந்ததற்குத் தனி மதிப்பில்லை. எழுந்து நின்றவன் மீதி இரண்டு ரவுண்டில் சமாளித்து மேலே வரலாம். குர்ஷாட் அதற்குத்தான் முயன்றார். டிக் விடவில்லை. புள்ளிகளில் வெற்றி, தங்கம்.

அதே நாளில் பதினெட்டே வயதான லண்டன் பையன் டெரி ஸ்பிங்க்ஸ் ஃபிளைவெயிட் பிரிவில் தங்கம் எடுத்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு பிரிட்டன் குத்துச்சண்டையில் தங்கத்தைப் பார்க்கவே இல்லை. 32 ஆண்டு வறட்சி ஒரே நாளில் இரண்டு மழையோடு தீர்ந்தது.

ஆனால் என்னைப் பொறுத்தவரை அந்தத் தங்கத்தை விடப் பெரிய செய்தி வேறு. ஒலிம்பிக் குத்துச்சண்டை முடிந்ததும் எல்லா எடைப் பிரிவுகளையும் சேர்த்து, ஆட்டத்தின் நேர்த்தியில் சிறந்தவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து வால் பார்க்கர் கோப்பை கொடுத்து வந்தார்கள். 1936-ல் தொடங்கிய வழக்கம். இதற்குத் தங்கம் வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. முதல் முறை இதைப் பெற்ற அமெரிக்கர் வெண்கலக்காரர்தான். மெல்பர்னில் அதற்குப் பெரும் போட்டியாளர் யார் தெரியுமா? ஹங்கேரியின் லாஸ்லோ பாப். 1948, 1952, 1956 என்று மூன்று ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வென்ற முதல் குத்துச்சண்டை வீரர். நாடே பற்றி எரியும் நேரத்தில் வந்து மூன்றாவது தங்கத்தை எடுத்திருக்கிறார். அனுதாபமும் சாதனையும் அவர் பக்கம். அப்படியிருந்தும் கோப்பை டண்டீக்குப் போனது. பிரிட்டனிலிருந்து அதை வாங்கிய ஒரே வீரர் மெக்டாகர்ட்தான். நான்கு ஆண்டு கழித்து ரோமில் காசியஸ் கிளே என்ற பதினெட்டு வயதுப் பையன் தங்கம் வென்றபோது, பின்னாளில் முகமது அலியாகப் போகிற அந்தப் பையனுக்கும் இந்தக் கோப்பை கிடைக்கவில்லை. அந்த முறை இத்தாலியின் நினோ பென்வெனூட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இனி எல்லோரும் எதிர்பார்ப்பது ஒன்றுதான். ஒலிம்பிக் தங்கம், நேர்த்திக்கான கோப்பை, இருபத்தொரு வயது, பார்க்கவும் லட்சணம். 'டாண்டி டிக்' என்று செல்லப்பெயரே வைத்திருந்தார்கள், சொகுசுக்காரன் டிக். ஏஜென்ட்டுகளும் போட்டி நடத்துகிறவர்களும் காசோலைப் புத்தகத்தோடு காத்திருந்த காலம். ஸ்பிங்க்ஸ் தொழில்முறைக்குப் போனார், 1960-ல் பிரிட்டிஷ் ஃபெதர்வெயிட் சாம்பியனானார். மெல்பர்னில் வெண்கலம் வாங்கிய இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், கிளாஸ்கோவின் ஜான் மெக்கார்மாக், நடையின் வளைவுக்காகக் 'கௌபாய்' என்று பெயர் வாங்கியவர், அவரும் போனார். ஐரோப்பிய மிடில்வெயிட் பட்டம் வரை எட்டினார். டிக் போகவில்லை. அந்த ஆண்டு போகவில்லை, அடுத்த ஆண்டும் போகவில்லை, கடைசிவரை போகவே இல்லை.

ஏன்? இதைக் கொள்கை வீரமாகச் சித்தரிக்க எனக்கு ஆசை இல்லை. என் ஊகம் எளிமையானது. படையில் வேலை நிரந்தரம். குத்துச்சண்டையின் பெயரால் உலகம் சுற்ற முடிகிறது. தொழில்முறைப் பரிசில் மேலாளர் பங்கு, பயிற்சியாளர் பங்கு, வரி எல்லாம் போக வீரன் கைக்கு வருவதைக் கணக்குப் பார்த்தால் பலருக்குத் தலை சுற்றும். எல்லாவற்றுக்கும் மேல், மூன்று ரவுண்டில் உலகத்திலேயே அழகாக ஆடுகிறவனைப் பதினைந்து ரவுண்டு ஆடச் சொன்னால் அது வேறு தொழில். பாட்டுக் கச்சேரியில் பேர் வாங்கியவரைக் கதாகாலட்சேபத்துக்கு உட்காரச் சொல்வது மாதிரி. தன் அளவு எது என்று தெரிந்த மனிதராகத்தான் அவரை நான் பார்க்கிறேன். ஸ்காட்லாந்தில் பென்னி லிஞ்சின் பெயர் தெரியாமல் எந்தக் குத்துச்சண்டைப் பையனும் வளர்ந்திருக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள். 1958-ல் கார்டிஃபில் காமன்வெல்த் போட்டி. ஒலிம்பிக்கில் பிரிட்டன் என்ற ஒரே கொடிதான். காமன்வெல்த்தில் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து தனித்தனி. ஆகவே இங்கேதான் டிக்கால் ஸ்காட்லாந்தின் பெயரில் மேடையேற முடிந்தது. லைட்வெயிட் தங்கம். 1961-ல் பெல்கிரேடில் ஐரோப்பிய சாம்பியன். ஏ.பி.ஏ. பட்டம் மொத்தம் ஐந்து முறை: லைட்வெயிட்டில் மூன்று, உடம்பு கொஞ்சம் கனத்த பிறகு லைட்-வெல்டர்வெயிட்டில் இரண்டு. 1962-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நடந்த காமன்வெல்த் இறுதிப் போட்டியில் கானாவின் கிளெமென்ட் குவார்ட்டியிடம் தோற்று வெள்ளி. குவார்ட்டி சாதாரண ஆள் இல்லை. ரோம் ஒலிம்பிக்கில் கானாவுக்கு முதல் பதக்கத்தை வாங்கிக் கொடுத்தவர்.

தோல்வி என்று வந்ததால் அதையே கொஞ்சம் பேசுவோம். 634-ல் 610 வெற்றி என்றால் 24 தோல்வி. அதில் இரண்டு ஒலிம்பிக்கில் நடந்தவை, இரண்டும் போலந்துக்காரர்களிடம். 1960 ரோமில் அரையிறுதி வரை வந்தார், எதிரே காசிமியெஷ் பாஸ்ஜியோர். ஐந்து நடுவர்களில் மூன்று பேர் போலந்துப் பக்கம், இரண்டு பேர் டிக் பக்கம். ஒரே ஒரு நடுவரின் பென்சில் வேறு மாதிரி சாய்ந்திருந்தால் டிக் இறுதிப் போட்டியில். அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் உண்டு என்பதால் அதோடு ஊர் திரும்பினார். பாஸ்ஜியோர் தங்கம் வென்றார். 1964 டோக்கியோவில் எடைப் பிரிவு மாறியிருந்தது, நாடு மட்டும் மாறவில்லை. யெர்சி குலேய் வழியை மறித்தார். குலேயும் தங்கம் வென்றார், நான்கு ஆண்டு கழித்து மெக்சிகோவில் மறுபடியும் வென்றார்.

இரண்டு பேருக்கும் ஆசான் ஒருவரே: ஃபெலிக்ஸ் ஸ்டாம். போலந்துக் குத்துச்சண்டைக்காரர்கள் 'பாப்பா' என்று, அதாவது அப்பா என்று, கூப்பிட்ட மனிதர். அவர் பள்ளியின் பாடம் என்ன? படாமல் குத்து, குத்திவிட்டு அங்கே நிற்காதே. டிக்கின் சொந்தப் பாடம்தான். தன் ஆட்டத்தையே ஒரு தேசம் முழுக்கப் பாடத்திட்டமாகப் போட்டு வளர்த்த பிள்ளைகளிடம்தான் அவர் தோற்றார். முரட்டுக் குத்தனிடம் தோற்று வெளியேறியிருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

டோக்கியோவோடு மூன்று ஒலிம்பிக்கில் மேடையேறிய முதல் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வீரர் என்ற பெயரும் சேர்ந்தது. அந்த டோக்கியோவில் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர் ஜோ ஃபிரேசியர். ரோமில் கிளே, டோக்கியோவில் ஃபிரேசியர். பின்னாளில் கோடிகளுக்கு மோதிக்கொள்ளப் போகிற இருவரும் அமெச்சூர் பனியனோடு நின்ற அதே மேடைகளில் டிக்கும் நின்றிருக்கிறார்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 634 போட்டி, ஒன்றுக்கு அதிகபட்சம் ஒன்பது நிமிடம். எல்லாமே முழு நேரம் ஓடியதாக வைத்துக்கொண்டாலும் 5,706 நிமிடம். 95 மணி நேரம். நான்கு நாள்கூட முழுசாக ஆகவில்லை. ஒலிம்பிக் தங்கம், ஐரோப்பியப் பட்டம், காமன்வெல்த் தங்கம், ஐந்து தேசியப் பட்டம் எல்லாம் அந்த நான்கு நாளுக்குள். மீதி நேரமெல்லாம் கயிறு தாண்டுவதிலும், விடியற்கால ஓட்டத்திலும், எடை ஏறாமல் வயிற்றைக் கட்டுவதிலும் போயிருக்கும்.

1965-ல் கடைசி ஏ.பி.ஏ. பட்டத்தை வாங்கிக்கொண்டு கையுறையைக் கழற்றினார். வயது 29. அதன் பிறகு பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார், ஸ்காட்லாந்து அணியின் பயிற்சியாளராக இருந்தார். 1985-ல் எம்.பி.ஈ. விருது கொடுத்தார்கள். டண்டீயில் ஒரு விளையாட்டு மையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். சணல் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த ஊரில் புதிதாக ஒரு பெயர்ப்பலகை. மெல்பர்னுக்குப் பிறகு இன்று வரை எந்த ஸ்காட்லாந்துக்காரரும் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் தங்கம் வாங்கவில்லை. 2025 ஆகஸ்டில், தொண்ணூறு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, டிக் மெக்டாகர்ட் காலமானார்.

1965-ன் அந்த ஏ.பி.ஏ. போட்டிக்கு ஒரு நிமிடம் திரும்பிப் போக வேண்டும். டிக் லைட்-வெல்டர்வெயிட்டில் தன் கடைசிப் பட்டத்தை வென்ற அதே போட்டியில், ஃபெதர்வெயிட் பட்டத்தைத் தட்டிச் சென்றவன் எடின்பரோவைச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையன், பெயர் கென் புக்கானன். அந்தப் பட்டத்தை வீட்டில் வைத்துவிட்டு, சில மாதத்திலேயே, செப்டம்பரில், சம்பளத்துக்கு மேடையேறினான். ஐந்து ஆண்டு கழித்து, போர்ட்டோ ரிக்கோவின் கொளுத்தும் வெயிலில் இஸ்மாயில் லகூனாவின் முன்னால் போய் நின்றான்.

(அடுத்த வாரம்: சான் ஹுவானின் வெயில்)